செண்டுடோக் அடியில் ஊற்றிய பால்

அந்த அதிகாரி செடியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

சுவா சூ காங் இடுகாடு. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் மழையில் புல்தரை சொதசொதவென்று கிடந்தது. நான் எங்கள் மகளின் குழிமேட்டருகே நின்றுகொண்டிருந்தேன். அதன் தலைமாட்டில் இடுப்புயரத்துக்கு ஒரு செண்டுடோக் செடி. அன்று காலையில் விரிந்த ஊதாப் பூக்கள் அதில் நிறைய இருந்தன.

என் கையில் ஒரு பால் போத்தல் இருந்தது. காலிப் போத்தல். வழக்கம்போல வந்ததும் வராததுமாக, மேட்டைச் சுற்றியிருந்த களையைப் பிடுங்கிப் பின்பக்கம் எறிந்தேன். "யாழினிம்மா, அம்மா வந்துட்டேன்" என்று சொன்னேன். கொண்டுவந்த பால் முழுவதையும் செடி அடியில் ஊற்றிவிட்டேன். என் கணவர் குணா, எப்போதும்போல, கொஞ்சம் தள்ளி நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி நடுவயதுச் சீனர். ரப்பர் காலணி போட்டிருந்தார். மரியாதையாகத் தலையசைத்துவிட்டுக் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். நான் "இதுதான்" என்று காட்டினேன். அவர் நிற்கவில்லை. செடியைச் சுற்றிக்கொண்டு பின் வரிசைக்குப் போனார். அங்கே களை மண்டிக் கிடந்த ஓர் இடத்தில் நின்று காலால் எதையோ துழாவினார்.

"மேடம், ஓவர் ஹியர்" என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாவம், புது ஆள் போலிருக்கிறது, வரிசை மாறிப் போய்விட்டார் என்று நினைத்தேன். "பாத்தீங்களா இவரை" என்று சொல்லக் குணா பக்கம் திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

இந்தத் தொடரில் இதுவரை நான் வேலை பார்த்த பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்துக் கதைகளைத்தான் சொல்லிவந்தேன். பெட்டியிலிருந்து கரப்பான்பூச்சிகள் தப்பித்த கதைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றுமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது.

மல்லிகை கட்டிய வாரம்

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறப்புப் பத்திரத்துக்காக உடனே பெயர் வைத்தோம். யாழினி. முப்பதாம் நாள் தலைமுடி இறக்கிக் கோயிலுக்குத் தூக்கிப்போவது என்று பேசி வைத்திருந்தோம். அதற்கு அவள் இருக்கவில்லை. இதயத்தில் கோளாறு என்றார்கள். டாக்டர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

நம் வழக்கம் உங்களுக்கே தெரியும். பல் முளைக்காத பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். பெற்றவள் அங்கே போகக்கூடாது. குணாவும் அவருடைய அண்ணனும் இன்னும் இரண்டு உறவுக்காரர்களும் போய்வந்தார்கள். தெம்பனிஸில் எங்கள் ப்ளாக்கின் லிஃப்ட் வாசல்வரை கொண்டுபோய் விடக்கூட என்னை யாரும் அனுமதிக்கவில்லை. நான் அறைக்குள் படுத்துக் கிடந்தேன். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிள்ளை போனது மார்புக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு நேரம் தவறாமல் பால் கட்டியது. வலியில் உயிர் போனது. சட்டை நனைந்துகொண்டே இருந்தது. என் ஓரகத்தி சரசா அக்கா சிராங்கூன் ரோட்டுக்கு ஓடிப்போய் முழம் முழமாக மல்லிகை வாங்கிவந்தார்.

"பூவை வெச்சு இறுக்கிக் கட்டுனா வத்திடும் வாசுகி. பல்லைக் கடிச்சுக்கோ" என்றார்.

கட்டினார். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். மல்லிகை உடம்புச் சூட்டில் வாடிப் பழுப்பேறி, அதில் பாலும் கசிந்து புளித்து, ஒரு வாடை வரும். அந்த வாடையை நான் யாரிடம் போய்ச் சொல்ல? இன்றைக்கும் லிட்டில் இந்தியாவில் பூக்கடை வந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். கல்யாண வீட்டில் யாராவது தலையில் வைக்க மல்லிகைச் சரம் நீட்டினால், ஒவ்வாமை என்று பொய் சொல்லுவேன்.

வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். பால்குடி மறக்காத பிள்ளைக்குத் திதி கிடையாது. படம் மாட்டக்கூடாது. அழுதால் பிள்ளைக்கு வழி கிடைக்காது. "அடுத்த வருஷமே ஒண்ணு பொறந்துடும் லா, கவலைப்படாதே" என்றார் அண்டை வீட்டுக்காரர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கேட்டுக்கொண்டேன்.

அடுத்தது பிறக்கவில்லை. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

ஊதாப் பூ

சில வருஷம் போனது. தெம்பனிஸ் வீட்டை விற்றுவிட்டுப் புக்கிட் பாஞ்சாங் வந்தோம். அங்கிருந்து இடுகாடு கிட்டத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டுக் குணா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றேன்.

"என்னை இன்னிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எங்க?"

"எங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"பொம்பளைங்க அங்க..."

"நான் பொம்பளை இல்லீங்க. அவளைப் பெத்தவ. நீங்க வரலேன்னா நான் தனியாப் போயிடுவேன்."

நான் கொஞ்சம் வாய்த்துடுக்கு. பள்ளிக்கூடத்தில் பிரின்சிபாலே என்னிடம் யோசித்துத்தான் பேசுவார். குணா நேர் எதிர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாள் பூராவும் உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். கீழே இறங்கிய பிறகும் அவருக்குப் பேச்சு வராது. பிள்ளையைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். இடுகாட்டில் குழந்தைகளுக்கான பகுதி ஓரமாக, மரங்களை ஒட்டி இருந்தது. சின்னச் சின்ன மேடுகள். பாதி இடத்தில் எண் போட்ட சிமெண்டு முளைகள் புல்லுக்குள் புதைந்துவிட்டிருந்தன. எண் தெரிந்திருந்தாலாவது தேடலாம். எல்லாவற்றையும் முன்னின்று செய்த மூத்தார், குணாவின் அண்ணன், அதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். அவரிடம் இருந்த சீட்டு வீடு மாறும்போது எங்கேயோ போயிற்று.

குணா மெதுவாக நடந்து ஒரு செடிக்கு முன்னால் நின்றார். பளிச்சென்று ஊதா நிறத்தில் பூத்திருந்தது.

"இந்தப் பூதான்" என்றார்.

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும் வாசு. இந்தப் பூ எனக்கு மறக்காது."

சொல்லிவிட்டு முகத்தை மரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குமேல் எந்தப் பெண்டாட்டி கேள்வி கேட்பாள்? செடியின் அடியில் இருந்த மேட்டில் உட்கார்ந்தேன். எத்தனையோ நாள் வராத அழுகை அன்றைக்கு வந்தது. மறு ஞாயிறு ஒரு போத்தலில் பால் கொண்டுபோனேன். அப்படித்தான் அது தொடங்கியது.

ஒரே குடும்பம்

செண்டுடோக் என்பது மலாய்ப் பெயர். தமிழ்நாட்டில் எங்காவது இதற்குத் தமிழ்ப் பெயர் இருக்கலாம், எனக்குத் தெரியாது. இந்த மண்ணின் சொந்தச் செடி. யாரும் நடுவதில்லை. வெட்டிப்போட்ட பொட்டல், மேம்பாலத்தின் அடி, கட்டடம் இடித்த இடம், எங்கே மண் கெட்டுக் கிடக்கிறதோ அங்கே தானாக வரும். மற்றச் செடிகள் கருகிப்போகிற புளித்த மண்ணில், அந்த மண்ணின் அலுமினியத்தை உறிஞ்சி இலைக்குள் வைத்துக்கொண்டு இது பாட்டுக்குப் பூக்கும்.

பூ ஒரு நாள்தான். காலையில் விரியும். பிற்பகலில் இதழ் உதிர ஆரம்பிக்கும். மாலை கட்ட உதவாது, சாமிக்கும் யாரும் வைப்பதில்லை. காய் முற்றியதும் தானாக வெடித்துக்கொள்ளும். உள்ளே கருநீலச் சதையில் பொடிப் பொடியாக ஆரஞ்சு விதைகள். தித்திக்கும். தின்றால் நாக்கும் உதடும் கறுத்துவிடும். தாவரக்காரர்கள் வைத்த பெயருக்கே 'கறுத்த வாய்' என்றுதான் பொருளாம்.

இதெல்லாம் எனக்கு மிஸ் கோ சொன்னது. எங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியை. நான் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டுபோய் ஆய்வுக்கூட மேசையில் வைத்தேன். எங்கிருந்து ஒடித்தேன் என்று சொல்லவில்லை. அவர் இலையைத் திருப்பிக் காட்டினார். காம்பிலிருந்து நுனிவரை, நீளவாக்கில், வளைந்து வளைந்து ஓடுகிற மூன்று நான்கு நரம்புகள். இந்தக் கோடுகளைப் பார்த்தாலே குடும்பத்தைச் சொல்லிவிடலாம் என்றார். பூவைப் பிரித்தால் மகரந்தத் தாள்கள் இரண்டு வகை. மஞ்சளாகச் சில, ஊதாவாக வளைந்து சில. மஞ்சள், வண்டுக்குச் சாப்பாடு. அது சாப்பிடுகிற நேரத்தில் ஊதாத் தாள், வண்டின் முதுகில் பூவுக்கு வேண்டிய தூளைப் பூசி அனுப்பிவிடும். வருகிறவனுக்குக் கோப்பி கொடுத்துக் காரியம் சாதிக்கிற கதைதான்.

பெரிய குடும்பம் அது. காண்டோ அடுக்குமாடிகளின் வாசலில் வளர்க்கிற பெரிய ஊதாப் பூச்செடி இதற்குப் பணக்காரச் சொந்தம். நம்மூர்க் காயாவும் இதே குடும்பம் என்று கேட்டதும் நான் அசந்துபோனேன். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயா. அதன் இலையில் மட்டும் அந்தக் கோடுகள் தெரியாதாம். குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே மூக்கா இருக்கிறது?

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். பெருமாள் நிறத்துக்குச் சொந்தக்காரச் செடி என் பிள்ளை தலைமாட்டில் காவல் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அதில் வெடித்திருந்த பழத்தைப் பறித்துத் தின்றேன். என் பிள்ளை கிடக்கிற மண்ணில் விளைந்தது, எனக்கில்லாமல் யாருக்கு? நாக்கு கறுத்துப்போயிற்று. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இங்க் குடிச்சீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அன்று பூராவும் யாரிடமும் எரிந்து விழாமல் இருந்தேன்.

அந்தக் குடும்பத்தில் ஒரு கெட்டதும் இருக்கிறது. மிஸ் கோதான் அதையும் காட்டினார். இலையில் அதே கோடுகள், ஆனால் உடம்பெல்லாம் சுணை. பூ சின்னதாக, வெள்ளையாக இருக்கும். கடல் கடந்து வந்து காடுகளில் புகுந்துவிட்ட களை. ஆங்கிலத்தில் அதற்குச் 'சாபம்' என்று முடிகிற ஒரு பெயர் உண்டு. விட்டால் மற்றச் செடிகளை எழும்ப விடாது. பார்த்தால் பிடுங்கிவிடு வாசுகி என்றார்.

பார்த்திருந்தேனே! மரத்து ஓரமாக, செண்டுடோக்கைச் சுற்றியே அது முளைத்துக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிற்றிலிருந்து எனக்கு அதுவே வேலையாயிற்று. சனியனே, என் பிள்ளை இடத்துக்கா வருகிறாய் என்று வைதுகொண்டே வேரோடு பிடுங்குவேன். பிடுங்கியதைப் பின் வரிசைக்குத் தூக்கி எறிவேன். அங்கே யாருமே வராத ஒரு மேடு இருந்தது. எவள் பெற்ற பிள்ளையோ, எட்டிப் பார்க்கக்கூட நாதி இல்லை என்று ஒரு நிமிஷம் நினைப்பேன். பிறகு எறிவேன். வேரோடும் பழுத்த காயோடும் எறிந்தேன்.

மறுபடியும் அந்தக் காலை

இந்த ஊரில் மண்ணுக்கும் தவணை உண்டு. புதைத்தவர்களை ஒரு காலத்துக்குப் பிறகு எடுத்தாக வேண்டும். நிலம் சின்னது, யாரைக் குறை சொல்ல? குழந்தைகள் பகுதியைத் தோண்டப்போகிறார்கள் என்று பேப்பரில் அறிவிப்பு வந்தது. பிள்ளையின் பெயரையும் போன நாளையும் சொல்லிப் பதிந்துகொண்டோம். எடுத்து, தகனம் செய்து, சாம்பலைக் கையில் தருவார்கள். கேட்டு யாரும் வராத குழந்தைகளின் சாம்பலை அவர்களே கடலில் கரைத்துவிடுவார்கள்.

அன்று காலை எனக்கு ஒரு பயம்தான் இருந்தது. தோண்டினால் ஏதாவது கிடைக்குமா என்பது. வேறு எந்தப் பயமும் எனக்குத் தோன்றவே இல்லை.

அதிகாரி பின் வரிசையில் நின்றுகொண்டு மறுபடியும் கூப்பிட்டார். அவருடன் வந்த தொழிலாளி ஒருவர் களையை அள்ளி இழுத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பெயர் செல்வம். களைக்கு அடியிலிருந்து ஒரு சிமெண்டு முளை வந்தது. அதிகாரி குனிந்து எண்ணைத் துடைத்துப் பார்த்தார். வரைபடத்தைக் காட்டினார்.

நான் விடவில்லை. நீங்கள் தவறாகப் பார்க்கிறீர்கள், இத்தனை வருஷமாக நான் வருகிறேன், இந்தச் செடிதான் அடையாளம் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் கத்தினேன். அந்த மனிதர் குரலை உயர்த்தவே இல்லை. "சாரி மேடம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"என்னங்க, வாயைத் திறந்து சொல்லுங்க. நீங்கதானே காட்டுனீங்க?"

குணா கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தார்.

"நான் பாக்கலை வாசு."

"எதைப் பாக்கலை?"

"குழியை. கண்ணை மூடிக்கிட்டுத்தான் மண்ணு தள்ளினேன். உடனே அண்ணன் என் தோளைப் பிடிச்சுத் திருப்பி விட்டுட்டாரு. திரும்பிப் பாக்காம நட, பாத்தா புள்ளை போகாதுன்னாரு."

"அப்ப இந்தப் பூ?"

"திரும்புனா எதிர்ல இதுதான் பூத்திருந்துச்சு. அதை மட்டும்தான் பாத்தேன்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவருக்கு எதிரில் பூ. அப்படியென்றால் பிள்ளை அவர் முதுகுக்குப் பின்னால். காரியம் முடித்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது நம் சாஸ்திரம். அவர் பார்க்கவில்லை. சொன்ன சொல் தட்டாத தம்பி. பிறகு என்னைக் கூட்டிவந்தபோது, மறக்காத அந்தப் பூவைக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை.

யாரைத் திட்டுவது? போய்ச் சேர்ந்துவிட்ட மூத்தாரையா? என்னை லிஃப்ட் வாசலுக்குக்கூட விடாத ஊரையா? குணாவைத் திட்டத்தான் வாய் வந்தது. அவர் இன்னும் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அப்போதும் எனக்கு நம்பிக்கை விடவில்லை. முளை இடம் மாறியிருக்கலாம், எண்ணை யாரோ தப்பாக அடித்திருக்கலாம். செல்வத்திடம் சொன்னேன்.

"தம்பி, என் புள்ளை கையில மணி வளையல் கட்டியிருந்தேன். கருமணியும் பால்மணியும் மாத்தி மாத்திக் கோத்தது. என் கையால கோத்தேன். அதோடதான் கொண்டுபோனாங்க. அது இருந்தாத்தான் என் புள்ளை. இல்லேன்னா அந்தச் செடிகிட்ட தோண்டணும்."

"பாத்துடலாங்கக்கா. நூல் இத்துப் போயிருக்கும். மணி எங்கயும் போகாது" என்றார்.

மணி

தோண்டுகிற இடத்தில் வெயில் படாமல் மேலே நீலக் கான்வாஸைப் பிடித்தார்கள். முதலில் களையை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அத்தனையும் அதே களை. அதே சுணை இலை, அதே கோடுகள், அதே வெள்ளைப் பூ. நான் எறிந்ததெல்லாம் அங்கே வேர்விட்டு, விதை விழுந்து, புதராக எழும்பியிருந்தது. அதன் மேலாக, அன்று காலை நான் எறிந்த கட்டு இன்னும் வாடாமல் கிடந்தது. செல்வம் அதைத்தான் முதலில் தூக்கிப் போட்டார்.

நான் செண்டுடோக்கைப் பார்த்துக்கொண்டே வேண்டிக்கொண்டேன். பெருமாளே, மணி கிடைக்கக் கூடாது. தோண்டுகிற இடத்தில் பிள்ளையின் அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட தாய் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குழி ஆழமில்லை. ஒரு மட்டத்துக்குக் கீழே மண்வெட்டியை வைத்துவிட்டுச் செல்வம் கையால் தோண்டினார். எலும்பு என்று ஒன்றுமில்லை. மண் மட்டும் ஓரிடத்தில் கறுப்பாக இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்றார். அந்தக் கறுத்த மண்ணை விரலால் உதிர்த்து உதிர்த்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து குணாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

உள்ளங்கையை விரித்தார். ஒரு கருமணி. பக்கத்தில் ஒரு பால்மணி. இன்னும் தோண்டினார். இன்னும் வந்தது.

அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இங்கேதான் இருந்திருக்கிறாள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில். ஞாயிறு தவறாமல் அம்மா வருகிறாள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், பேசுகிறாள், பால் ஊற்றுகிறாள், எல்லாம் பக்கத்தில். இவளுக்கு வந்தது களை. எட்டிப் பார்க்க நாதியில்லை என்று நான் சொன்னது இவளைத்தான்.

"அப்ப அது யாரு?" என்று செடியைக் காட்டி அதிகாரியிடம் கேட்டேன். வரைபடத்தைப் பார்த்துச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார். பிறகு மெதுவாக, "பேபி பாய், மேடம்" என்றார். யாரும் கேட்டு வரவில்லையாம். மத்தியானம் அதையும் எடுத்துவிடுவார்களாம்.

ஆண் பிள்ளை. அத்தனை வருஷமும் ஓர் ஆண் பிள்ளையை உட்கார வைத்து யாழினி, யாழினி என்று கூப்பிட்டிருக்கிறேன். பாவாடை வாங்கித் தருகிறேன் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவன் மண்ணில் பழுத்த பழத்தைத் தின்று வாய் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவனைப் பெற்றவளுக்கும் யாராவது மல்லிகை வைத்துக் கட்டியிருப்பார்கள். அவளையும் வரவிட்டிருக்க மாட்டார்கள்.

போத்தல்

கறுத்த மண்ணில் கொஞ்சமும், கிடைத்த மணிகளும் ஒரு வெள்ளைத் துணியில் வந்தன. குணா கை நீட்டி வாங்கிக்கொண்டார். அவளை அவர் கையில் ஏந்தியது அதுதான் இரண்டாவது தடவை என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஒயர்களுக்குப் பயந்து அவர் தூக்கவே மாட்டார். முதல் தடவை, புதைக்கக் கொண்டுவந்த அன்றுதான். மண்டாய் தகனச்சாலைக்குப் போக வண்டி காத்திருந்தது.

"பால் ஊத்துறதுன்னா ஊத்திடுங்கக்கா. முடிச்சுக் கட்டிடலாம்" என்றார் செல்வம்.

போத்தலைப் பார்த்தேன். அது காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது. செண்டுடோக்கின் அடியில் மண் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது.

"கடைக்குப் போய் வாங்கியாரவா?" என்றார் குணா.

அங்கே ஏது கடை? அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்வம் தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அதிலிருந்து கொஞ்சம் என் போத்தலில் ஊற்றினேன். மூடியைப் போட்டுக் குலுக்கினேன். ஓரங்களில் ஒட்டியிருந்தது கரைந்து, தண்ணீர் லேசாக வெளுத்தது.

"யாழினிம்மா" என்று கூப்பிட்டேன். குணா துணியை விரித்துப் பிடித்தார்.

ஊற்றினேன். இத்தனை வருஷத்துப் பாலும் அந்தப் பையனுக்குப் போயிற்று. என் மகளுக்குக் கிடைத்தது போத்தல் கழுவிய தண்ணீர்தான்.